கோபத்தில் இளைத்தவள்

வட்டமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்த அறைக்கு அடுத்த அறை அது. சுவரில் ஒரு ஆப்பிள் படம். அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து, கால்களும் கொடுத்து, சிரித்துக்கொண்டே ஓட விட்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரும் உங்க உடம்புல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொல்லுங்க," என்றார் உணவு ஆலோசகர். "நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்சாத்தான் நல்ல சாப்பாடும் நடையும் பழக்கமா நிக்கும். முதல்ல நம்ம உடம்பை நாம நேசிக்கணும்."

ஒருவர் கண் என்றார். ஒரு வயதான அம்மாள் கூந்தல் என்று சொல்லிவிட்டு, "ஒரு காலத்துல" என்று சேர்த்துக்கொண்டார். தபால்காரர் ஒருவர் கால்களைச் சொன்னார். முறை பெரியவளிடம் வந்தது.

"கிட்னி," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். ஆலோசகரும் சிரித்தார். ஆனால் அவர் எப்போதுமே சிரித்தபடிதான் இருப்பார் என்பதால் அது கணக்கில் வராது.

"ஏன்னு சொல்லலாமா?"

"ரெண்டு இருக்கு. ரெண்டும் நல்லா வேலை செய்யுதாம். ஒண்ணை என் தம்பிக்குக் கொடுக்கணும். ஆனா அதைச் சுத்தி இருக்கிற மீதி ரொம்ப அதிகம், குறைச்சுட்டு வான்னு கீழ டாக்டர் இங்க அனுப்பியிருக்காரு. அதனால மீதியை நேசிக்கச் சொல்லாதீங்க மேடம். எப்படிக் கழட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் தங்களுக்குப் பிடித்த எதையும் சொல்லவில்லை.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். பிள்ளைகள் இரண்டே பேர் என்பதால் தம்பி சின்னவன். அப்பா போய் வெகுகாலம். கல்யாணம் அவள் பக்கம் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டது. நாற்பது தாண்டியவள், நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஓட்டும்போது அவளைப் போல நிதானமானவர் கிடையாது. வண்டியை விட்டு இறங்கியதும் கோபம் எந்த இடத்தில் எப்போது வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பணிமனையில் அவளுக்கு 'சடன் பிரேக்' என்று பெயர்.

சின்னவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். முப்பத்தைந்து வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தோடு கட்டிவைத்து அவன் ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள். அதற்காக இடது கை ரத்தக்குழாயில் போட்டிருந்த வழி அடைத்துப்போய், இப்போது வலது கையில் ஓடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. பெரியவளுக்கு எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர.

"இந்த எடையோட உங்களை மேசையில படுக்க வைக்க மாட்டேன்," என்றார் சிறுநீரக டாக்டர். பேசும்போது பேனாவை மூடி மூடித் திறக்கிறவர். "ஒரு கிட்னியோட மீதி வாழ்க்கையை ஓட்டப்போறீங்க. உடம்பு அதுக்குத் தயாரா இருக்கணும். அவசரம் வேண்டாம். அவர் இன்னும் கொஞ்ச காலம் தாங்குவார்."

அவர் சொன்னதில் 'கொஞ்ச காலம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் அவளோடு படியிறங்கி வந்தன.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சின்னவன் கண் முன்னால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. ரத்தம் கழுவத் தொடங்கிய முதல் வாரத்தில் அம்மா மாத்திரை போட்டுக்கொள்ளத் தம்ளரைத் தூக்கினார். எதையோ பேசிக்கொண்டிருந்த சின்னவன் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவின் தொண்டையைப் பார்த்தான். அது ஏறி இறங்குவதை. அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் அனுமதி; அதிலும் பாதி மாத்திரைகளுக்கே போய்விடும். அம்மா மிச்சத்தைக் குடிக்காமல் கீழே வைத்தார். அன்று மாலையே தண்ணீர் கேன் சமையலறையை விட்டுக் கிளம்பி, பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துக்குக் குடிபோனது. சாப்பாட்டு மேசையில் தம்ளர் வைப்பது நின்றது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்காமலிருக்க அதன் வாயில் ஒரு துணியைச் சுற்றினார்கள். யாராவது பார்க்க வந்தால் அம்மா அவர்களைக் கண்ணால் ஜாடை காட்டிப் பின்பக்கம் கூட்டிப்போய், திருட்டுச் சாராயம் கொடுப்பது போலத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்.

அம்மா பின்கட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு திரும்பி வருவார். பெரியவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒளிந்து குடிப்பதைவிடக் குடிக்காமல் இருப்பது அவள் குணத்துக்குப் பொருந்தியது. அவன் வறண்ட நாக்கோடு உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் வயிறு நிறையக் குடிப்பதா என்று ஒரு வீம்பு. பேருந்து ஓட்டுகிறவளுக்குத் தண்ணீர் ஏற்கெனவே பகைதான். அவள் வழித்தடத்தில் இந்த முனையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அந்த முனையில் இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள்.

தண்ணீர் குறைந்தால் எடைக்கருவியின் முள்ளும் கொஞ்சம் இறங்குவதை அவள் கண்டுபிடித்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்புக்கு மூன்று முறை போனாள். முதல் முறை கிட்னியைச் சொன்னாள். இரண்டாவது முறை தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முட்டையோ பருப்போ, கால் பங்கு தானியம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அவளுக்கு அதில் காய்கறியும் முட்டையும் மட்டும் காதில் விழுந்தன. மூன்றாவது முறை ஆலோசகர் எல்லோர் கையிலும் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"உங்க முகத்தைப் பார்த்து ஒரு தடவை சிரிங்க. இன்னைக்கு நான் என்னைக் கவனிச்சுக்கப் போறேன்னு சொல்லுங்க."

பெரியவள் கண்ணாடியைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, காய்ந்து வெடித்த உதடு. கண்ணாடியைத் திருப்பி மடியில் வைத்தாள்.

"எனக்கு வராது மேடம்."

"முயற்சி பண்ணுங்க. கோவமா ஒரு வேலையைச் செய்யறதுக்கும் சந்தோஷமா செய்யறதுக்கும் வித்தியாசம் இருக்கு. கோவத்துல நடக்கிறவங்க சீக்கிரம் நின்னுடுவாங்க."

"கோவம் இல்லாம நடந்தா நான் நேரா வீட்டுக்குப் போய்ப் படுத்துடுவேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை நாற்காலியில் வைத்து எழுந்து போனாள். கதவைச் சாத்தியபோது அந்த ஆப்பிள் படம் சுவரில் ஆடியது. அதன் பிறகு வகுப்புப் பக்கமே போகவில்லை.

போகாவிட்டால் என்ன? முள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

காலை ஷிப்ட் முடிந்ததும் பணிமனை வேலியை ஒட்டி நடப்பாள். வரிசையாக நிற்கும் பேருந்துகளுக்கும் வேலிக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடம், எண்ணெய் சிந்திய தரை, கழற்றிப்போட்ட சக்கரங்கள். வெயில் உச்சியில் நிற்கும். நடை அவளுக்கு உடற்பயிற்சியாக இல்லை. யாரையாவது மனதில் வைத்துத் திட்டிக்கொண்டே போவாள். ஒருநாள் டாக்டரின் பேனாவை. ஒருநாள் ஆலோசகரின் பல்வரிசையை. "கொஞ்சம் பூசின மாதிரி இருந்தாத்தான் லட்சணம்" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஊட்டிய அம்மாவை. திட்ட ஆள் தீர்ந்துவிட்டால் தன்னையே திட்டுவாள். அதற்கு மட்டும் விஷயம் தீர்ந்ததே இல்லை. இந்த உடம்பை அவள் தன்னுடையதாகவே நினைக்கவில்லை. உடையக்கூடிய ஒரு பொருளைச் சுற்றி யாரோ அளவு தெரியாமல் திணித்த வைக்கோல். பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. வைக்கோலைப் பிய்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவளோடு வண்டியில் வரும் கண்டக்டரை எல்லோரும் 'விசில்' என்பார்கள். பணிமனைக் கேன்டீன் வாசலில் நின்று பொரித்த பண்டத்தைக் காகிதத்தில் வைத்து ஊதி ஊதித் தின்றுகொண்டே அவள் சுற்றுவதைப் பார்ப்பார்.

"என்ன சடன் பிரேக், வண்டியில காத்து இறங்கிட்டே வருது. ஸ்டெப்னி மாத்தணுமா?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்கண்ணே. எண்ணெய் வழியுது."

"ஒரு கடி?"

அவள் நிற்கவில்லை. ஆனால் அந்த வாசனை கூடவே நடந்து வந்தது.

"வெயில்ல சுத்தறியே, ஒரு வாய் தண்ணியாவது குடிம்மா," என்று விசில் பின்னாலிருந்து சொன்னார். "முகமெல்லாம் மண்சுவர் மாதிரி வெடிச்சுக் கிடக்கு."

அவள் கையை மட்டும் உயர்த்தி ஆட்டினாள். வேண்டாம் என்பதா, போங்கள் என்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

அப்படி மாதங்கள் போயின. சட்டை தொளதொளத்தது. ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளிப் போட வேண்டி வந்தது. சில சமயம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண் முன்னால் பூச்சிகள் பறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பாள். பூச்சிகள் கலைந்துவிடும்.

இறுதிப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று வண்டி பாதி வழியில் மூச்சை நிறுத்திவிட்டதால் பகல் பொழுதிலேயே வீடு திரும்பினாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். சின்னவன் அறையில் இல்லை. பின்கட்டில், தண்ணீர் கேன் பக்கத்தில், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம். கையில் ஒரு தம்ளர் நிறையப் பனிக்கட்டி. ஒரு கட்டி வாய்க்குள் இருந்ததால் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் அவசரப்படாமல் கட்டியைக் கடித்து விழுங்கினான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"எண்ணல."

"உப்புடா அது. உப்பு தின்னா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா தண்ணி, தண்ணி ஏறினா நெஞ்சுல வந்து நிக்கும். இதை நான் உனக்குச் சொல்லணுமா?"

"வேணாம். என்னைவிட நல்லா எவனுக்கும் தெரியாது."

"ஒரு முட்டையைத் தின்னுட்டு நான் மதியம் வரைக்கும் வண்டி ஓட்டறேன். ராத்திரி வெள்ளரிக்காய். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, தெருநாய் மாதிரி வேலியைச் சுத்தறேன். இதுக்கா? நீ இங்க உட்கார்ந்து சிப்ஸ் தின்றதுக்கா?"

"நான் கேட்டேனா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கேட்டாத்தான் கொடுக்கணுமா?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"நீ கொடுக்கல அக்கா. காட்டற. நாலு துண்டு வெள்ளரிக்காயைத் தட்டுல வச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே மெல்லுற. ஒவ்வொரு கடியும் எனக்குக் கேக்குது. எனக்கு அந்த மேசையில சோறு இறங்கல. அதான் இங்க வந்து திருடித் தின்னறேன்." தம்ளரைக் கல்லின் மேல் வைத்தான். "உன் கோவத்தையும் சேர்த்து ஒரு கிட்னி எனக்கு வேணாம். அது எனக்குள்ள வந்தும் சும்மா இருக்காது. உட்கார்ந்து என்னைத் திட்டிக்கிட்டே இருக்கும்."

அவள் பொட்டலத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையில் அந்த உப்பும் எண்ணெயும் மணத்தன. வாயில் எச்சில் ஊறியது. அவன் சொன்ன எதைவிடவும் அந்த எச்சில்தான் அவளை அடங்காத கோபத்துக்குத் தள்ளியது. பொட்டலத்தைச் சுவருக்கு அப்பால் வீசினாள். தம்ளரைக் கவிழ்த்தாள். பனிக்கட்டிகள் சறுக்கிக்கொண்டு கால்வாய் வரை போயின.

"வேணாம்னு நீ சொல்ல முடியாது," என்றாள். "எடுத்து உனக்குள்ள வைக்கத்தான் போறாங்க. அப்புறம் நீ சிப்ஸ் தின்னு, கல்லைத் தின்னு, எனக்கென்ன."

அந்த வாரம் முழுவதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் முட்டையையும் பாதியாக்கினாள். பரிசோதனைக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து வாயில் எதையும் வைக்கவில்லை. அம்மா வாசலில் நின்று, "பெரியவளே, மயங்கி விழுந்துடப் போற, ஒரு வாய்" என்றார். "விழுந்தா அங்கேயே கிடக்கேன், மருத்துவமனைதானே" என்றாள்.

எடைக்கருவியில் ஏறியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கு எடை இல்லை என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் குனிந்து பார்த்து, "பரவாயில்லையே, இறங்கிட்டீங்க" என்றாள். ரத்தம் எடுக்க மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது, நரம்பு கிடைக்கவில்லை. அதெல்லாம் பெரியவளுக்கு வலிக்கவே இல்லை. படியிறங்கி வரும்போது கால் நடுங்கியது. நடுங்கட்டும். வைக்கோல் போய்விட்டது. ஒரு புன்னகை இல்லாமல், ஒரு நல்ல எண்ணம் இல்லாமல், தன்னை ஒரு நாள்கூட நேசிக்காமல் செய்து முடித்துவிட்டாள். அந்த ஆலோசகரை எங்காவது பார்த்தால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பார்த்தாள். சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டபோது, அவர் மேசைக்குப் பக்கத்தில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகம் யாருடையது என்று பெரியவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "எடை நாங்க கேட்ட அளவுக்கு வந்திருக்கு. ஆனா ரத்தம் சரியா இல்ல. கிரியாட்டினின் ஏறியிருக்கு. கழிவை வெளியேத்தற வேலையை உங்க கிட்னி ஒழுங்கா செய்யல."

"என் தம்பியோட ரிப்போர்ட்டைப் பார்க்கறீங்க டாக்டர்."

"உங்களோடதுதான். ரெண்டு தடவை பார்க்கச் சொன்னேன்."

"போன தடவை நல்லா இருக்குன்னீங்களே."

"இருந்தது. வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? எடை குறைக்கிற பொடி, கஷாயம்?"

"இல்ல."

"என்ன சாப்பிட்டீங்க?"

"முட்டை."

"அப்புறம்?"

"வெள்ளரிக்காய்."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்து நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனுக்கு வளைவு தெரியவில்லை. இரண்டு முறை முன்னால் போய்த் திரும்ப வந்தான். அவன் ஒருவழியாக நிறுத்தி முடித்த பிறகுதான் அவள் பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுல யாரும் தண்ணி குடிக்கறதில்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார்.

"தம்பி முன்னாடி," என்றார் மெதுவாக.

"ஆமா."

"அவர் இல்லாதப்போ? பஸ்ஸுல?"

"பஸ்ஸுல எங்க போறது?"

டாக்டர் பேனாவைத் திறக்கவுமில்லை, மூடவுமில்லை. "இத்தனை மாசம் வெயில்ல நடந்து, வேர்த்து, பட்டினி கிடந்து, தண்ணியும் குடிக்காம இருந்தா அது என்ன பண்ணும்? எந்த கிட்னியைக் கொடுக்கணும்னு வந்தீங்களோ, அதைத்தான் காயப் போட்டிருக்கீங்க."

"இனிமே சரியாகாதா?"

"பெரும்பாலும் திரும்பிடும். சத்தியமா சொல்ல முடியாது. நல்லா குடிச்சு, நல்லா சாப்பிட்டு, ஆறு வாரம் கழிச்சு வாங்க. திரும்பலைன்னா இந்தப் பேச்சை விட்டுடுவோம். உங்களுக்கே அது ரெண்டும் வேணும்."

"சாப்பிட்டா எடை ஏறும்."

"கொஞ்சம் ஏறும். அப்புறம் மெதுவா இறக்கலாம்."

"அவன் கை அடைச்சுக்கிட்டா?"

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

அவள் எழுந்தாள். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. "இதை ஒரு வார்த்தை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? சிரி சிரின்னு சொன்னீங்க. குடின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் ஆலோசகர். "மூணாவது வகுப்புல. கண்ணாடிக்கு அப்புறம் தண்ணியைப் பத்தித்தான் பேசினேன். நீங்க எழுந்து போயிட்டீங்க."

வெளியே வந்தாள். நீளமான நடைபாதையில் பாதி தூரம் வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நில்லுங்க," என்றார் ஆலோசகர். மூச்சு வாங்கியது. "நீங்க போனப்புறம் நானாவது ஃபோன் பண்ணியிருக்கணும். பண்ணல. எனக்கும் கோவம், மூஞ்சியில அடிச்ச மாதிரி போயிட்டீங்களேன்னு." சற்று நிறுத்தினார். "சந்தோஷமா இருங்கன்னு இனிமே உங்ககிட்ட சொல்ல மாட்டேன். கோவமாவே சாப்பிடுங்க. கோவமாவே குடிங்க. ஆனா அந்த ஒண்ணு போய்ச் சேர்ற வரைக்கும் அது உங்க உடம்புலதான் இருக்கு. உங்களுக்குப் பசிச்சா அதுக்கும் பசிக்கும்."

பெரியவள் படியிறங்கினாள். திட்டுவதற்கு ஆள் தேடினாள். டாக்டர் கிடைக்கவில்லை, ஆலோசகரும் இல்லை, தம்பியும் இல்லை. கழிப்பறைச் சாவியை வைத்திருக்கும் யாரோ ஒருவரைக் கொஞ்ச தூரம் திட்டிப் பார்த்தாள். அதுவும் வீட்டுத் தெரு வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

வீட்டில் சின்னவன் மேசை முன் உட்கார்ந்து யாருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்தோ கழற்றிவந்த ஒரு சின்ன விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர் கேனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, தள்ளாடி, சமையலறைக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள். அம்மா பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"என்ன பண்ற பெரியவளே, அவன் உட்கார்ந்திருக்கான்."

"தெரியும்."

ஒரு தம்ளர் நிறையப் பிடித்து எடுத்துவந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் விசிறியைக் கீழே வைத்தான்.

"நீ சந்தோஷப்படலாம்," என்றாள். "கிட்னி வேணாம்னு சொன்னியே. அவங்களும் வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

சொன்னாள். சுருக்கமாக, வழி கேட்கும் பயணிக்குச் சொல்வது போலச் சொன்னாள். தண்ணீர் இல்லாதது, பட்டினி, ஏறியிருக்கும் அளவு, ஆறு வாரம், ஒருவேளை திரும்பாமலே போவது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. ஒரு நாய் அதைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்தது. சின்னவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதை அவள் பார்த்தாள். நோய் வந்ததிலிருந்து அந்த முகத்தில் அந்த நிறத்தை அவள் பார்த்ததில்லை.

"அறிவிருக்கா உனக்கு?" என்றான். "வெயில்ல, எஞ்சின் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, தண்ணி குடிக்காம. இத்தனை மாசமா. யாரு உன்னைக் கேட்டது?"

"நீ பார்ப்பியேன்னுதான்."

"பார்த்தா? எனக்குக் குடிக்கத்தான் அளவு வச்சிருக்காங்க. பார்க்கறதுக்கும் வச்சிருக்காங்களா?" அம்மா பக்கம் திரும்பினான். "நீயும்தான். தினமும் திருடி மாதிரி பின்னாடி போய் வாயைத் துடைச்சுக்கிட்டு வர்ற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? செத்தவன் வாயைக் கட்டற மாதிரி குழாயைக் கட்டி வச்சிருக்கீங்க. நான் இன்னும் இருக்கேன்ல."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ," என்றாள் பெரியவள்.

"எப்படிச் சொல்றது? எல்லாரும் எனக்காகச் செய்யறீங்க. எனக்காகச் செய்யறதை வேணாம்னு சொன்னா நான் யாரு, நன்றி கெட்டவன்." அவன் தம்ளரை அவள் பக்கம் தள்ளினான். "குடி."

அவள் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் பாருடா."

"மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எனக்குன்னு சொல்லித்தானே இவ்வளவும் பண்ணின? நான் பார்ப்பேன்."

குடித்தாள். முதல் வாய் வறண்ட தொண்டையில் முள்ளாக இறங்கியது. அவன் பார்வை அவள் தொண்டையிலேயே நின்றது. அதில் ஆசை இருந்தது, மறைக்கவில்லை; அவனும் ஒரு முறை எச்சிலை விழுங்கிக்கொண்டான். அவளுக்கு நிறுத்திவிடத் தோன்றியது. நிறுத்தினால் திட்டுவான் என்று தெரிந்தது. அவன்மேல் இருந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. சிப்ஸை மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. அந்தக் கோபத்தோடேயே கடைசிச் சொட்டு வரை குடித்துத் தம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"இனி உப்பைத் தொட்ட, கையை உடைப்பேன்."

"முதல்ல நீ ஒழுங்கா தின்னு. அப்புறம் உடை," என்றான். "அம்மா, இவளுக்குத் தட்டு வை. பாதித் தட்டு காய், ஒரு முட்டை, சோறும் வேணும். வெள்ளரிக்காயைக் கண்ணுல காட்டாத."

அம்மா குழாயைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு அரிசியைக் கழுவத் தொடங்கினார். தண்ணீர் சத்தமாகக் கொட்டியது. சின்னவன் எழுந்துபோய்த் தம்ளரில் இரண்டாவது முறை பிடித்து வந்தான். வலது கையால் அதிகம் தூக்கக் கூடாது என்பதால் இடது கையால் பிடித்திருந்தான். மேசையில் கொஞ்சம் சிந்தியது. அவன் சிந்தியதைப் பார்த்தான். துடைக்காமல், தம்ளரை அவள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து காத்திருந்தான்.